மேல் வரிசைக்கும் மேலே ஒரு சீட்டு

கரண்டு போனால் அந்த அச்சகத்தில் முதலில் கேட்பது மனிதக் குரல்தான். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர்கள், மிஷின் நின்ற பிறகும் அதே சத்தத்தில் இன்னும் இரண்டு வாக்கியம் பேசுவார்கள். அப்புறம் தங்கள் குரலைத் தாங்களே கேட்டு வெட்கப்பட்டு அடங்குவார்கள். 2008-ல் இது தினசரி நடந்தது. மின்வெட்டு கைவேலையான பட்டாசுக்கு ஒன்றும் செய்யவில்லை. சிவகாசியின் அச்சகங்களைத்தான் அது உட்கார வைத்தது.

எழில் அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைப்பவள். இருபத்தெட்டு வயது. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடையே ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். வேலைக்குச் சேர்ந்து பல வருடங்கள் ஆகியும் யாராவது கேட்டால், "சும்மா, அதுவரைக்கும்" என்றுதான் சொல்வாள். அதுவரைக்கும் என்றால் அரசாங்க வேலை கிடைக்கும்வரைக்கும். குரூப் ஃபோர் எழுதியிருக்கிறாள், கிராம நிர்வாக அலுவலர் பரீட்சை எழுதியிருக்கிறாள், அறிவிப்பே வராத வருடங்களிலும் படித்திருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடிவதற்கு முன்னால் கிளம்பி விருதுநகரில் பயிற்சி வகுப்புக்குப் போவாள். ஒரு தடவை வெகு கிட்டத்தில் போய்த் தவறவிட்டாள். கிட்டத்தில் போனதுதான் கெடுதலாகப் போயிற்று. அதற்கப்புறம் விடவும் முடியவில்லை.

அந்த ஆவணியில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆர்டர் வந்தது. டாரட் என்கிற படச்சீட்டு. ராஜா, ராணி, வாள், கோப்பை, நிலா, சூரியன் என்று சீட்டுக்கு ஒரு படம். சீட்டுகளோடு வைக்க ஒரு சின்னப் புத்தகமும் உண்டு. கட்டிங் செக்‌ஷன் ஆட்களுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. "கிளி ஜோசியச் சீட்டுதான அண்ணாச்சி? கிளியையும் நாமளே அனுப்பணுமா?" என்று முதலாளி சங்கரலிங்கத்திடம் கேட்டார்கள். அவரும் சிரித்துவிட்டு, "கிளி அவுககிட்ட இருக்காம். நீங்க ஓரம் பிசிறு இல்லாம வெட்டிக் குடுங்க, போதும்" என்றார்.

அந்தச் சின்னப் புத்தகத்தை வடிவமைத்தது எழில். அவர்கள் அனுப்பிய அளவு பெட்டிக்குப் பொருந்தவில்லை. பக்கம் பக்கமாக மாற்றி அடுக்க வேண்டியிருந்தது. எழிலின் ஆங்கிலம் பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம். அடுக்கும்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள். கடைசிப் பக்கங்களில், சீட்டுகளை வரிசையாகப் பரப்பி வைக்கிற ஒரு பெரிய விரிப்பு இருந்தது. எதிர்காலம் சொல்வதற்கான விரிப்பு அல்ல, நமக்கு ஒரு இலக்கு இருந்தால் அதைத் திட்டம் போட்டுப் பார்ப்பதற்கான விரிப்பு என்று போட்டிருந்தது. அதை அவள் அழகுமீனாவிடம் காட்டினாள்.

அழகுமீனா ஏற்றுமதிப் பிரிவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுகிறவள். காரியாபட்டிப் பக்கம் நிலபுலம் உள்ள வீட்டுப் பெண். எழிலை விட ஐந்தாறு வயது இளையவள். சிவகாசியில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு எப்போதும் உண்டு. என்ன செய்வது என்பதுதான் பிடிபடவில்லை.

"எழிலக்கா, இத நாம போட்டுப் பாப்போம்."

"எனக்கெல்லாம் இதுல நம்பிக்கை கெடையாது மீனா."

"நம்பச் சொல்லலயே. கரண்டு வர்றவரைக்கும் என்னத்தச் செய்ய?"

பின்பக்க அச்சு விலகிப்போய்க் கழித்துக் கட்டிய சீட்டுகள் ஒரு பெட்டியில் கிடந்தன. அதிலிருந்து ஒரு முழுக் கட்டைப் பொறுக்கி எடுக்க மீனா சங்கரலிங்கத்திடம் அனுமதி கேட்டாள். "வெளையாடிட்டு அங்கனயே போட்டுரணும். ஒரு சீட்டு கேட்டைத் தாண்டக் கூடாது. அவுக கண்டிசன் அப்படி" என்றார் அவர்.

பைண்டிங் செய்கிற நீள மேஜை ஜன்னலோரம் இருந்தது. மத்தியான வெயில் அதில் பாதி விழுந்திருந்தது. மற்றவர்கள் வெளியே வேப்பமர நிழலில் சாப்பாட்டுத் தூக்குகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மீனா கம்ப்யூட்டர் பிரிண்ட் எடுத்த பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டாள். எழில் சீட்டைக் குலுக்கினாள்.

விரிப்பு உண்மையிலேயே பெரியது. மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு சீட்டு. கீழ் வரிசை இப்போது இருக்கிற நிலை. நடு வரிசை போகிற வழி. மேல் வரிசை, இலக்கு கைக்கு வந்த பிறகு இருக்கப்போகிற வாழ்க்கை. அதற்கும் மேலே தனியாக ஒரு சீட்டு. அதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும்.

"மொதல்ல இலக்கு என்னன்னு ஒரே வாக்கியத்துல வாய்விட்டுச் சொல்லணுமாம்."

"அரசாங்க வேலை."

"வாக்கியமாச் சொல்லுங்க."

"எனக்கு அரசாங்க வேலை கெடைக்கணும்." இது எழிலுக்குச் சிரமமாக இல்லை. எத்தனையோ பேரிடம் சொன்னதுதான்.

"படத்தப் பாத்ததும் என்ன தோணுதோ அத அப்படியே சொல்லணும். அர்த்தத்தப் பொறவு பாத்துக்கிடலாம்னு போட்டுருக்கு."

கீழ் வரிசை வேகமாகப் போயிற்று. ஒரு சீட்டில் ஒருத்தன் கல் பெட்டியின் மேல் கை குவித்துப் படுத்திருந்தான். அந்த இடத்துக்கு, உனக்கு எதில் களைப்பு என்று பெயர். "தூக்கம் வருது" என்றாள் எழில். இருவரும் சிரித்தார்கள். நடு வரிசையில், வழியில் என்ன இருக்கிறது என்கிற இடத்தில், முதுகு வளைந்து விறகுக் கட்டைச் சுமந்து போகிறவனின் படம் வந்தது.

"வெறகா இது?"

"எனக்கு பொது அறிவு கைடு மாதிரி இருக்கு" என்றாள் எழில்.

அதற்கும் சிரித்தார்கள். பிறகு மேல் வரிசைக்கு வந்தார்கள். முதல் இடம், இலக்கு கிடைத்த மறுநாள் காலை. சீட்டைத் திருப்பினால், ஒருத்தன் பெஞ்சு மேல் ஏறி நின்று வளைவில் ஏதோ செதுக்குகிறான். பக்கத்தில் இரண்டு பேர் ஒரு பெரிய தாளை விரித்துப் பார்க்கிறார்கள்.

எழில் உற்றுப் பார்த்தாள். "ப்ரூஃப் பாக்குறாக. பிளேட் போடுறதுக்கு முன்னால. இந்தாளு நல்லா வேலை தெரிஞ்சவன். அவன் சரின்னு சொன்னாத்தான் மிஷின் ஓடும்."

மீனா அடுத்ததைக் காட்டினாள். தோட்டத்தில் கைமேல் ஒரு பறவையோடு நிற்கிற பெண்.

"தனியா நிக்கிறா. ஆனா சந்தோசமாத்தான் நிக்கிறா. பச்சை நல்லா விழுந்துருக்கு பாரு. இந்த மாதிரி ஒண்ண நம்ம காலண்டருக்குப் போட்டா நல்லா இருக்கும். சாமி படத்தையே எத்தன வருசம்தான் போடுறது?"

"எழிலக்கா."

"என்ன?"

"தாலுகா ஆபீஸ்ல ஏது ப்ரூஃப்? ஏது காலண்டர்?"

மீனா கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் எழில் மேல் வரிசையை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஒரு அலுவலக மேஜையை, அதன் மேல் ஒரு ஃபைலை, தன் முன்னால் மனுவோடு நிற்கிற ஒரு ஆளைக் கற்பனை செய்யப் பார்த்தாள். எத்தனை வருடம் அதற்காகப் படித்திருக்கிறாள், அந்த அறையின் சுவர் என்ன நிறம் என்றுகூட அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. பரீட்சை தெரியும். பரீட்சைக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை.

"மிச்சத்தையும் தெறங்க" என்றாள் மீனா, இப்போது மெதுவாக.

மேலே தனியாக இருந்த சீட்டுக்கான வரியை அவள் வாசித்தாள். இது யாருடைய ஆசை?

எழில் திருப்பினாள். மலை உச்சியில் இருட்டில் ஒரு கிழவர் நிற்கிறார். நீளமான அங்கி. ஒரு கையில் ஊன்றுகோல். இன்னொரு கையில் விளக்கை உயர்த்திப் பிடித்துக் கீழே பார்க்கிறார்.

"இவரு யாரு, சாமியாரா?" என்று மீனா கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவள், எழிலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

எழில் அழுதுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு ரோட்டுக்குப் போகிற வழி கருவேலங்காட்டுக்குள் போகும். அவளுக்கு முன்னால் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அய்யா, அவளுடைய அப்பா, நடப்பார். அவருடைய காலுக்கும் அவளுடைய காலுக்கும் சேர்த்து வெளிச்சம் காட்டுவதற்காகக் கையைப் பின்னால் வளைத்துப் பிடித்திருப்பார். வாரம் முழுவதும் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற கட்டையில் நிற்கிறவர். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அவர் தூங்கலாம். அந்த நாளில் மழையானாலும் காய்ச்சலானாலும் அவளுக்கு முன்னால் எழுந்து சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பார். இந்த ஆசை தன்னுடையது இல்லை என்று அந்த மனுஷனிடம் போய் எப்படிச் சொல்வது?

கரண்டு வந்துவிட்டது. மேலே மின்விசிறி கிளம்பவும் ஓரத்துச் சீட்டுகள் இரண்டு பறந்து கீழே விழுந்தன. மீனா அவசரமாக எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கழிவுப் பெட்டியில் போட்டாள். எழில் முகத்தைக் கழுவிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்ப் பெட்டியின் மேல்மூடி வேலையைத் திறந்தாள். அன்று முழுவதும் அவள் கை சரியாகத்தான் வேலை செய்தது.

அவளுடைய அய்யா சங்கிலிமுத்து அதிகம் பேசாதவர். அவருடைய அப்பா காலம்வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தது. மழை பொய்த்துப் போன வருடங்களில் ஊரே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மாறியபோது அவரும் மாறினார். நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் ஏறியிருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. அந்த வாரத்தின் நடுவிலேயே அவர் தபால் ஆபீஸில் புதிய பரீட்சைக்கான விண்ணப்பத்தை வாங்கி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். எழில் அதைப் பார்த்தாள். பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவினாள்.

அம்மா குருவம்மாள், "ஏன் பிள்ள, மொகம் ஒரு மாதிரியா இருக்கு? பிரஸ்ல யாரும் ஏதும் சொன்னாகளா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

வேலை நேரத்தில் மீனா அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் மட்டும், போகிற போக்கில், "சொல்லிருங்கக்கா. திட்டுனா திட்டிட்டுப் போறாக" என்றாள். அய்யா திட்ட மாட்டார் என்பதுதான் எழிலின் பயம். அவர் சரி என்பார். சரி என்று சொல்லிவிட்டு டார்ச்சை ஆணியில் மாட்டுவார். அதைப் பார்க்கத் தனக்குத் தெம்பு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போல இருட்டோடு கிளம்பினார்கள். முந்தின நாள் தூறியிருந்தது. கருவேலங்காட்டில் மண் வாசனை. அய்யா முன்னால் போனார். வெளிச்சம் பின்னால் வளைந்து அவள் காலடியில் விழுந்துகொண்டே வந்தது. ரோட்டுக்குச் சற்று முன்னால் ஓடைக்குக் கட்டிய சின்னப் பாலம் ஒன்று உண்டு. அங்கே வரும்வரை எழில் மனதுக்குள் வாக்கியத்தை ஒழுங்கு செய்துகொண்டே வந்தாள். கடைசியில் வந்தது ஒழுங்கு செய்த வாக்கியம் இல்லை.

"அய்யா, எனக்கு இது வேணாம்யா."

அவர் நின்றார். திரும்பவில்லை. "எது தாயி?"

"கிளாஸு. பரீட்சை. எதுவும்."

"இன்னைக்கு மட்டுமா?"

"இனிமேலே வேணாம்."

டார்ச் வெளிச்சம் மண்ணில் ஒரே இடத்தில் கிடந்தது. ஓடையில் தவளைச் சத்தம். அவர் மெதுவாக நடந்து போய்ப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தார். அவர் மூச்சை இழுத்து விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. பிறகு தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் ஓடினாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல தாயி. நீ உக்காரு." துண்டால் கண்ணைத் துடைத்தார். "போன தடவ பரீட்சை முடிஞ்சு வெளிய வந்தியே, அந்த ஸ்கூல் வாசல்ல. ஒம் மூஞ்சியப் பாத்தேன். காய்ச்சக்காரி மாதிரி இருந்த. அன்னைக்கே ஒங்கம்மாகிட்டச் சொன்னேன், போதும்னு சொல்லிருவோம்னு. அவதான், பிள்ள ஆசப்படுது, நீங்க வாயத் தொறந்து அதக் கெடுத்துராதீகன்னுட்டா. சரி, பிள்ள ஆசை, நாம வெளக்குப் புடிச்சுக்கிட்டுப் போவோம்னு இருந்துட்டேன்."

எழிலுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "என் ஆசையா? நீங்கதான ஆசப்பட்டீக?"

"நானா?"

"நான் பத்தாவது படிக்கிறப்போ சொன்னீக. எம்பிள்ள கவர்மெண்டு ஆபீஸ்ல உக்காரணும்னு. ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னீக."

அவர் யோசித்தார். நினைவு வந்தது. "ஆமா, சொன்னேன்" என்றார். பிறகு, அவள் இதுவரை கேட்டிராத நீளத்துக்குப் பேசினார்.

"அந்த வருசம் நம்ம கம்பெனிக்கு அடுத்த கம்பெனியில ரூம் ஒண்ணு வெடிச்சுச்சு. தனுஷ்கோடி போயிட்டான். ஒனக்கு அவனத் தெரியாது. அவன் பொண்டாட்டிக்குச் சேர வேண்டியதுக்கு மனுக் குடுக்கணும்னு சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனோம், நாங்க நாலஞ்சு பேரு. காலையில இருந்து நிக்கோம். இங்கன போ, அங்கன போங்கான். சாயங்காலம் ஒரு ரூமுக்குள்ள போனா ஒரு பொம்பள உக்காந்திருந்தா. ஃபேனு ஓடுது. நிமிந்து பாத்துச்சு. உக்காருங்கன்னுச்சு. நாற்காலியக் காட்டி. என்னையப் பாத்து அப்படி ஒரு ஆபீஸ்ல அதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்ல தாயி. அப்பத்தான் நெனச்சேன், நம்ம பிள்ளையும் இந்த மாதிரி மருந்து வாடை இல்லாத எடத்துல இருக்கணும், நாலு பேர உக்காரச் சொல்ற எடத்துல இருக்கணும்னு. எனக்குத் தெரிஞ்ச எடம் அது ஒண்ணுதான். அதான் கவர்மெண்டு ஆபீஸுன்னேன்."

ரோட்டில் பஸ் வெளிச்சம் தெரிந்தது. இருவரும் எழவில்லை.

"நீ பிரஸ்ல சேந்த புதுசுல, சோத்துத் தூக்க வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டியேன்னு ஒருநா நான் கொண்டாந்தேன். ஞாபகமிருக்கா?"

"இருக்கு."

"உள்ள வரலாமா வேணாமான்னு வாசல்ல நிக்கேன். நீ எந்திரிச்சு வந்து என்னையக் கூட்டிட்டுப் போயி, ஒன் நாற்காலிய இழுத்துப் போட்டு, உக்காருங்கய்யான்ன. ஒங்க மொதலாளி பாத்துக்கிட்டு இருக்காரு. தண்ணி கொண்டாந்து குடுத்த. அன்னைக்கே எனக்கு முடிஞ்சு போச்சு. நான் கேட்டது கெடச்சிருச்சு. அதுக்கு மேல நீ படிச்சதெல்லாம், ஒனக்கு இன்னும் பெரிசா ஆசை இருக்குன்னு நெனச்சேன். நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

பஸ் வந்து நின்றது. ஞாயிறு காலைகளில் வழக்கமாக அவளை ஏற்றுகிற கண்டக்டர் படியில் நின்று இருட்டுக்குள் பார்த்து விசில் ஊதினார். எழில் எழுந்து நின்று கையை ஆட்டினாள், வரவில்லை, போங்கள் என்று. அவர் நம்பாமல் இன்னொரு தடவை ஊதினார். சங்கிலிமுத்து டார்ச்சை உயர்த்தி அசைத்து, "போங்க, போங்க, நாங்க வரல" என்று கத்தினார். அவர் குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டு எழிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஸ் போன பிறகும் இருவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கே வெளுக்கத் தொடங்கியது. அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. வருடக்கணக்காகத் தோளைத் தூக்கியே வைத்திருந்திருக்கிறாள் என்பது, அது தானாக இறங்கியபோதுதான் தெரிந்தது.

வீட்டில் குருவம்மாள்தான் மல்லுக்கு நின்றாள். "அம்புட்டு வருசப் படிப்பும் சும்மாவா? ஊர்ல கேக்குறவுகளுக்கெல்லாம் நான் என்னன்னு சொல்ல?"

"பிரஸ்ல வேல பாக்குதுன்னு சொல்லு. உண்மையத்தான சொல்ற" என்றார் சங்கிலிமுத்து.

"இருக்கன்குடி ஆத்தாளுக்கு மாவிளக்கு நேந்திருக்கேனே, வேல கெடச்சா எடுக்கறேன்னு?"

"வேலதான் கெடச்சிருக்குல்ல. பல வருசமாச்சு. நீதான் இன்னும் எடுக்காம வச்சிருக்க. அடுத்த வெள்ளிக்கெழம போவோம்."

குருவம்மாள் விருட்டென்று அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரத்தை நங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எட்டிப் பார்த்து, "எம்மேல எல்லாத்தையும் போட்டுறாதீக. நானும் இந்தப் பிள்ள தூங்காமக் கெடக்கே தூங்காமக் கெடக்கேன்னு மனசுக்குள்ள அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். சொன்னதுமே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. எழில் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சங்கிலிமுத்து சாமி படத்துக்கு முன்னால் இருந்த விண்ணப்பத்தை எடுத்து, "பக்கத்து வீட்டு மாரிசெல்வி கேட்டுக்கிட்டு இருந்தா. அவளுக்கு நெசமாவே இதுல ஆச" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

மறுநாள் எழில் அச்சகத்துக்குப் போனதும் நேராக சங்கரலிங்கத்தின் அறைக்குப் போனாள். முந்தின வருடம் அவர் காலண்டர் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளைக் கேட்டிருந்தார். பரீட்சை இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நான் எங்கயும் போகல."

அவர் கணக்கிலிருந்து நிமிர்ந்தார். "எங்க போறதா இருந்த?"

"கவர்மெண்டு வேலைக்கு. அதான் அன்னைக்கு வேணாம்னேன். இப்போ அந்த டிசைன் வேலைய எனக்குக் குடுப்பீகளா?"

"அத பாலகுருவுக்குக் குடுத்து மாசக்கணக்காச்சேம்மா. அவனும் நல்லாத்தான் பாக்கான்."

எழில் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஆனாலும் ஒரு நிமிடம் வலித்தது. "சரி அண்ணாச்சி" என்று திரும்பினாள்.

"நில்லு. இந்த சீசனுக்கு அவன் சாமி படத்தோட மல்லுக்கட்டட்டும். தனியா ஒரு காலண்டர் வேணும், இயற்கைக் காட்சியா, ஜவுளிக் கடைக்காரங்களுக்கு. அவனுக்கு அது வரல. ரெண்டு டிசைன் போட்டுக் காட்டு. புடிச்சா அத நீ பாரு. மத்தத அடுத்த வருசம் பேசுவோம். இருப்பேல்ல அடுத்த வருசம்?"

"இருப்பேன் அண்ணாச்சி."

அதைச் சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. வெளியே வந்ததும் மீனா கண்ணாலேயே கேட்டாள். எழில் தலையசைத்தாள். மீனா தன் இடத்திலிருந்து எழுந்து ஓடி வந்து, எல்லோரும் பார்க்க அவள் கையைப் பிடித்துக் குதித்தாள்.

"வீட்டுல?"

"அய்யாவுக்கு எப்பவோ வேணாமாம் மீனா. எனக்காகத்தான் எந்திரிச்சுக்கிட்டு இருந்தாராம்."

"அடப்பாவமே" என்றாள் மீனா. பிறகு, "நானும் எனக்கு ஒரு விரிப்பு போட்டுப் பாத்தேன்க்கா. மொத எடத்துலயே இலக்கு என்னன்னு சொல்லணும்ல, அதுலயே நின்னு போச்சு" என்றாள்.

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு."

வெளிநாட்டு ஆர்டர் புரட்டாசிக் கடைசியில் பெட்டி பெட்டியாக லாரியில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயிற்று. தீபாவளி லோடு போகிற லாரிகளுக்கு நடுவே அந்த ஒரு லாரியில் மட்டும் மருந்து இல்லை. எழில் வாசலில் நின்று அது திரும்புகிறவரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஏரி பாதி வரைந்து கிடந்தது. தண்ணீரின் நீலம் கொஞ்சம் அதிகம். குறைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கண் விழித்தபோது வெயில் கதவிடுக்கு வழியாகப் பாய்வரை வந்திருந்தது. அடுப்படியில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அய்யா மறுபக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து நல்ல குறட்டையில் இருந்தார். அம்மா வந்து குனிந்து முதலில் மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு புருஷனின் நெற்றியிலும் வைத்துப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் காய்ச்சல் இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் படு. கறி வேகல" என்றாள்.

எழில் போர்வையை இழுத்துக்கொண்டாள்.